மரம் தெரியக் கூடாது

பேரிமேட்டில் கிறிஸ்துமஸ் என்றால் சீஸ் பலகைதான். கேக்கும் பிரியாணியும் உண்டு, அவை பின்னால் வரும், வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பலகையை அலங்கரித்து, அதன் முன்னால் நின்று செபம் சொல்லி, முதல் துண்டு வெட்டுகிற வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் ஒரு பலகாரத்தை வாயில் வைக்க முடியாது. எங்கள் மலைக்கு மாடுகளோடு ஏறி வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர், மீந்த பாலைச் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்க்கச் சகிக்காமல், எங்கள் முன்னோர்களுக்குச் சீஸ் போடக் கற்றுக்கொடுத்தார். பேரி மரத்தில் பலகை செய்து, அதன்மேல் சீஸ் வட்டுகளை வைத்து, பழமும் இலையும் பலகாரமுமாகச் சுற்றி அடுக்கி, மரம் கொஞ்சமும் தெரியாமல் மறைத்துவிட்டுத்தான் பாலன் பிறப்பன்று சாப்பிட உட்காருவார். அவருடைய பலகை விரிசல் விட்டு அசிங்கமாக இருந்ததால் மறைத்தாரோ, அழகுக்காக மறைத்தாரோ, கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்காமல் விட்ட விஷயமெல்லாம் எங்கள் ஊரில் சட்டமாகிவிடும்.

சட்டம் இதுதான்: செபம் சொல்லும்போது பலகையில் மரம் தெரியக் கூடாது. விரல்நுனி அளவு தெரிந்தாலும் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அந்த வீட்டில் ஒரு நாற்காலி காலியாகிவிடும். அருளப்பர் வீட்டில் ஒரு வருஷம் முறுக்குக்கும் கேரட்டுக்கும் நடுவில் மரம் தெரிந்தது, மார்ச் மாதம் அருளப்பர் போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் எங்கள் ஊரில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 'நிறைஞ்சிருச்சு' என்று கோயிலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், கடைசி வீட்டின் சேதி வந்த பிறகுதான் உபதேசியார் மணி அடிப்பார், மணி கேட்ட பிறகுதான் எல்லா வீட்டிலும் செபம். ஒரு வீட்டுப் பலகை நிறையவில்லை என்றால் ஊரே பசியோடு உட்கார்ந்திருக்கும். இப்படி ஒரு வீட்டுக்காக ஊரே காத்திருப்பதை நாங்கள் ஒற்றுமை என்று சொல்லிக்கொள்வோம்.

சலேத்மேரி இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். புருஷன் இஞ்ஞாசி தோட்டத்தில் பூண்டும் கேரட்டும் போடுகிறவன். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை நீட்ட மாட்டான். எங்கள் பக்கத்தில் நல்ல மனுஷன் என்று சொல்ல அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. சலேத்து கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். காலையில் அடுப்படியில் நிற்பாள், பகலில் கரும்பலகை முன்னால் நிற்பாள், சாயங்காலம் பால் காய்ச்சி, தயிராக விடாமல் திரிய வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சீஸ் போட நிற்பாள். இப்படி நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்பெல்லாம் நீலமாகச் சுருட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கியபோது கீழே டவுனில் டாக்டரம்மாவிடம் காட்டினாள். டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் அப்புறம். மொதல்ல உக்காருங்கம்மா. உக்காந்து பழகுங்க," என்றார். வீட்டில் வந்து சொன்னதும் எல்லோரும் மிகவும் வருத்தப்பட்டார்கள். இஞ்ஞாசிகூட, "பாவம், நீ உக்காரணும் சலேத்து," என்று மனசாரச் சொன்னான், சொல்லிவிட்டு இன்னொரு டீ கேட்டான்.

அந்த வருஷம் சலேத்துக்கு ஒரே ஒரு ஆசைதான். கிறிஸ்துமஸ் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதைச் செய்ததில்லை. அந்த வீட்டில் எத்தனை நாற்காலி வாங்கிப் போட்டாலும் விருந்தன்று ஒன்று குறையும், குறைகிற ஒன்று எப்போதும் அவளுடையதாக இருக்கும், 'நீங்கள்லாம் சாப்பிடுங்க, நான் அப்புறம்' என்று அவளே சொல்லிவிடுவாள், அப்புறம் பார்த்தால் பாத்திரம் மட்டும் இருக்கும். பலகையின் சட்டத்தை நினைக்கும்போது, ஒரு நாற்காலி காலியானால் நான் உட்காரலாமே என்று ஒருநாள் அவள் மனசில் ஓடிவிட்டது. உடனே பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். சிலுவை போட்டாலும் நினைத்தது நினைத்ததுதானே.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வீடு நிறைந்திருந்தது. திருச்சியிலிருந்து இஞ்ஞாசியின் அக்கா கிளாடிஸ் தன் குடும்பத்தோடு வந்திருந்தாள். மகன் அமலன் காலேஜ் லீவில் வந்து போர்வைக்குள் போன் பார்த்துக்கொண்டிருந்தான். சலேத்து கூடத்து மேசையில் பலகையை வைத்து அலங்காரத்தைத் தொடங்கினாள். பேரிமேட்டில் அவள் கைக்கு ஒரு பேர் உண்டு. பெரிய வட்டை நடுவில் வைக்க மாட்டாள், ஒரு ஓரமாகத் தள்ளி வைப்பாள். அதிலிருந்து மிளகு சீஸ், புகை போட்ட சீஸ், பூண்டு சீஸ் என்று சாய்வாக இறக்கிக்கொண்டே வருவாள். நீலம் பூத்ததை, அதைப் பூசணம் என்று கீழ்நாட்டு விருந்தாளிகள் மூக்கைப் பிடிப்பார்கள் என்பதால், ஒரு பெரணி இலைக்குப் பின்னால் ஒதுக்கி வைப்பாள். அப்புறம் கீறிய மரத்தக்காளி, மலைவாழை, நீளவாட்டில் சீவிய கேரட், இடையிடையே கலகலாவும் அச்சுமுறுக்கும், முறுக்குக்கும் முறுக்குக்கும் நடுவில் வால்நட், வால்நட்டுக்கும் வால்நட்டுக்கும் நடுவில் திராட்சை, அதற்கும் நடுவில் மிளகு. கடைசியாகக் குனிந்து கண்ணைப் பலகையின் மட்டத்துக்கு வைத்துப் பார்ப்பாள். அன்றும் அப்படித்தான் பார்த்தாள். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, ஒரு மூச்சு விட்டாள்.

"மரம் தெரியுது சலேத்து," என்றாள் கிளாடிஸ்.

பார்த்தால் தெரிந்தது. உள்ளங்கை அளவு வெற்று மரம், சலேத்து நிற்கிற பக்கத்தில், அவள் கைக்கு நேராக. கண் அசந்துபோய் விட்டிருப்பேன் என்று நினைத்து அதிரசம் எடுத்து வந்து அடுக்கினாள். அடுக்கி முடித்தால் அதற்கு இந்தப் பக்கம் இன்னொரு உள்ளங்கை. கொய்யாவை நறுக்கி வைத்தாள், மறுபடியும் ஒன்று. கதவு குளிரில் முனகுவதுபோல ஒரு சின்னச் சத்தம் ஒவ்வொரு தடவையும் கேட்டது. மேசை விளிம்பைத் தாண்டிப் பலகை வெளியே நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் அது வளர்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது.

"பலகை வளருதுடா தம்பி," என்றாள் கிளாடிஸ்.

"ஆமாக்கா. பேரி மரம்ல, ஈரத்துக்கு உப்பியிருக்கும்," என்றான் இஞ்ஞாசி. தொங்குகிற பக்கத்துக்கு ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்தான். பிறகு, தன் பங்குக்கு வேலை செய்துவிட்டவன் முகத்தோடு போய் உட்கார்ந்துகொண்டான்.

மதியத்துக்குள் வீட்டிலிருந்த சீஸ் எல்லாம் பலகைக்குப் போய்விட்டது. பலகை கூடத்தைக் கடந்து வாசல்படியைத் தாண்டித் தெருவுக்கு இறங்கியது. மற்ற வீடுகளில் எல்லாம் நிறைந்துவிட்ட சேதி போயிருந்தது, இந்த ஒரு வீட்டுக்காக உபதேசியார் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பக்கத்து வீட்டுப் பவுலீன் என்ன தாமதம் என்று எட்டிப் பார்க்க வந்தவள், வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்த் தன் வீட்டு மாடத்தில் வைத்திருந்த வட்டை எடுத்து வந்தாள். அவளைப் பார்த்து எதிர்வீடு, எதிர்வீட்டைப் பார்த்து மேலத்தெரு. ஊரில் யாருக்கும் வாயைப் பிளக்க நேரமில்லை; வயிறு கத்துகிறபோது அதிசயத்தை நின்று பார்ப்பவர் யார்? எப்படி வளர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எதை வைத்து மூடுவது என்றுதான் கேட்டோம்.

பங்குச் சாமி வந்தார், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையின் நீளத்துக்கு நடந்து பார்த்தார்.

"தோத்திரம் சாமி. இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார் உபதேசியார்.

சாமி யோசித்தார். "வேதத்துல கூட்டம் இருந்துச்சு, அப்பம் பெருகுச்சு. இங்க அப்பம் இருக்கு, தட்டு பெருகுது. ஆண்டவர் இதுல என்ன நெனைக்கிறாருன்னு எனக்கும் பிடிபடல. நிறைஞ்சதும் சொல்லி அனுப்புங்க," என்றார். காலையிலிருந்து பூசை வைத்த களைப்பு அவருக்கும் இருந்தது, போய்ச் சற்றுப் படுத்துக்கொண்டார்.

இப்படியாக அன்றைய கிறிஸ்துமஸ் தொடங்காமலே பொழுது சாய்ந்தது. விருந்து தொடங்கவில்லை, அதற்காகப் பட்டினி கிடக்க முடியுமா, செபத்துக்கு முன் பலகாரத்தைத் தொடக் கூடாது, ஆனால் கஞ்சி பலகாரம் இல்லையே என்று கிளாடிஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தக் கஞ்சியையும் சலேத்துதான் காய்ச்சினாள். ஒரு கையால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு, மறு கையால் அடுப்படிக்குள் வந்து எட்டிப் பார்த்த பலகையின் மேல் சுண்டலைப் பரப்பினாள்.

மறுநாள் காலையில் பலகை கோயில் தெருவில் வளைந்து, டீக்கடையைச் சுற்றி, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போயிருந்தது. ஊர் அதற்குள் பழகிவிட்டது. டீக்கடைக்காரர் பலகை ஓரமாகப் பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தண்ணீர்க் குடம் எடுக்கிறவர்கள் கடந்துபோகக் கவிழ்த்த பெட்டிகளால் ஒரு சின்னப் பாலம் போட்டார்கள். காக்கை விரட்ட ஒருவர், நாய் விரட்ட ஒருவர், சீஸ் காய்ந்துபோகாமல் ஈரத்துணி போட இரண்டு பேர் என்று ஆள் நியமித்தார்கள். கீழேயிருந்து வந்த காலைப் பஸ், பலகை குறுக்கே கிடப்பதைப் பார்த்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "தூக்குங்கப்பா, நேரமாகுது," என்றார், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வால்நட்கூட உருளாமல் பலகையைத் தூக்கிப் பிடித்தோம், பஸ் அடியில் புகுந்து போனது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் சும்மா போகவில்லை. பேரீச்சம்பழ வியாபாரத்துக்கு வந்த பாய் ஒருவர் ஒரு கூடையை அப்படியே கொட்டினார். சபரிமலைக்கு மாலை போட்ட ஒரு சாமி, பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்து வைத்துக் கும்பிட்டுக்கொண்டார்.

எல்லோரும் கொண்டுவந்தோம், உண்மைதான். ஆனால் அடுக்கினது சலேத்து மட்டும்தான். பவுலீன் ஒரு தடவை தானாகவே நாலு முறுக்கை வைத்துப் பார்த்தாள்.

"ம்ஹும்," என்றாள் கிளாடிஸ். "கோணலா இருக்கு. சலேத்து கை பட்டாத்தான் அழகு."

"ஆமா, சலேத்து கை மாதிரி வராது," என்றார் உபதேசியார்.

"வரவே வராது," என்றோம் நாங்கள் எல்லோரும். உண்மையில் முறுக்கு கோணலாக ஒன்றும் இல்லை. முறுக்கில் கோணல் நேர் என்று என்ன இருக்கிறது? ஆனால் ஒருவரைப் புகழ்ந்துவிட்டால் அந்த வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். புகழ்ந்துகொண்டே இருந்தோம், சலேத்து அடுக்கிக்கொண்டே இருந்தாள், பலகை வளர்ந்துகொண்டே இருந்தது.

வெற்று மரம் எங்கே தெரிகிறது என்பதையும் நாங்கள் பார்க்காமல் இல்லை. அவள் கோயில் படியருகே நின்றால் கோயில் படியருகே தெரிந்தது. டீக்கடை முன்னால் நின்றால் டீக்கடை முன்னால். அவள் முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனால் பலகை வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தது. முற்பகலில் கால் தாங்காமல் கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்று கட்டில் பக்கம் போனாள்; ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பலகையின் ஒரு கொப்பு மெல்ல நுழைந்து, கட்டில் ஓரம் வரைக்கும் வந்து, அவள் இடுப்புக்கு நேராக நின்றது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து நாங்கள் கத்தினோம்: "மரம் தெரியுது சலேத்து!" அவள் படுக்காமலே திரும்பினாள்.

"பாத்தீங்களா, பலகைக்கே அவ கைதான் பிடிச்சிருக்கு. அவளையேதான் தேடிப் போகுது," என்றார் உபதேசியார்.

அது சரியென்றுதான் எங்களுக்கும் பட்டது. பலகை அவளிடம் கேட்பது சீஸ் என்றே நினைத்தோம். பேரிமேட்டில் யாராவது கையை நீட்டினால் கையில் எதையாவது வைத்துப் பழகியவர்கள் நாங்கள், வேறு விதமாக நினைக்க எங்களுக்கு வரவில்லை.

உச்சிப்பொழுதில் பனிமூட்டம் விலகி நல்ல வெயில் அடித்தது. ஊரில் வைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. மாடங்களில் ஒரு வட்டு கிடையாது, டப்பாக்களில் ஒரு முறுக்கு கிடையாது, வேலியோரப் பெரணியெல்லாம் மொட்டையாக நின்றது. கோயில் குடிலில் விரித்திருந்த பாசியை உரித்து வந்து வைத்தோம், பிறகு குடிலின் ஆடுகளும் ஒட்டகமும் மூன்று ராஜாக்களும்கூட சீஸுக்கு நடுவே வந்து நின்றார்கள். பாலனை மட்டும் தர முடியாது என்று பங்குச் சாமி சொல்லிவிட்டார். எல்லாம் போக, பலகை முழுக்க நிறைந்து, ஊர் முழுக்க வளைந்து கிடந்து, மறுபடி சலேத்தின் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்திருந்த அந்த முனையில், ஒரே ஒரு இடம் வெறுமையாக இருந்தது. இந்தத் தடவை உள்ளங்கை அளவு இல்லை. ஒரு மணை அளவு இருந்தது.

ஊரே சுற்றி நின்றது. பிள்ளைகள் பசியில் அழுது ஓய்ந்து இடுப்பில் தொங்கின. கயிற்றைப் பிடித்தே உபதேசியாரின் கை சிவந்திருந்தது.

"மரம் தெரியுது சலேத்து," என்றாள் கிளாடிஸ், இப்போது அவள் குரலும் கம்மிப்போயிருந்தது. "இன்னும் இந்த ஒரு எடந்தான். எதாச்சும் கொண்டா. என் தம்பி இருக்கான், ஒத்த மகன் வச்சிருக்கே, எதாச்சும் ஒரு நாற்காலி காலியாயிட்டா என்ன பண்ணுவே?"

சலேத்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளும் மிளகும் சீஸின் உப்பும் ரேகைகளில் படிந்திருந்தன. முந்தானையை உதறிப் பார்த்தாள், ஒரு திராட்சைகூட விழவில்லை.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல மதினி," என்றாள்.

"என்னடி சொல்றே?"

"நெசமா ஒண்ணுமே இல்ல மதினி." அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை, அதற்கெல்லாம் தெம்பு வேண்டும். அவ்வளவு களைப்பை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. கால் மடங்கியது. விழப்போகிறவள் எதையாவது பிடித்துக்கொள்வதுபோலப் பின்னால் கையை ஊன்றினாள், கை வெற்று மரத்தில் பட்டது, உச்சி வெயிலில் அந்த மரம் கதகதப்பாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். அப்படியே திரும்பி, புடவையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, மூன்று ராஜாக்களுக்கும் மிளகு சீஸுக்கும் நடுவில் சலேத்மேரி உட்கார்ந்தாள்.

அளவெடுத்ததுபோல இருந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு நூல் இடைவெளி இல்லை.

முனகல் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தோம், கேட்கவில்லை. உபதேசியார் கயிற்றை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, பலகையின் மட்டத்துக்குக் கண்ணை வைத்து, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் குனிந்தே நடந்து பார்த்தார்.

"பலகையில போயி உக்காரலாமா? திங்கிற பொருள் வைக்கிற எடமாச்சே," என்று கிளாடிஸ் தொடங்கினாள்.

"நிறைஞ்சிருச்சு," என்றார் உபதேசியார்.

மணி அடித்தது. சாமி ஓடி வந்து செபம் சொன்னார், எந்த வருஷமும் இல்லாத வேகத்தில் ஆமென் சொன்னோம். முதல் துண்டு வெட்ட வேண்டும். இஞ்ஞாசி மேசையைப் பார்த்தான், இடுப்பைத் தடவினான், சுற்றும் முற்றும் பார்த்தான்.

"சலேத்து, கத்தி எங்க வச்சே?"

"இதோ," என்று அவள் வழக்கம்போல எழுந்தாள். முழுசாக எழவில்லை, பாதிதான். கதவு முனகுவதுபோல அந்தச் சத்தம் கேட்டது, அவளுக்கு அடியில் கீற்றாக மரம் தெரிந்தது, பலகை ஊர் முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது, ஆடுகளும் ஒட்டகமும் ஆடின.

"உக்காரு சலேத்து!" என்று அலறினோம்.

கிளாடிஸ் அலறினாள், உபதேசியார் அலறினார், பவுலீன் அலறினாள், போர்வையோடு வந்து நின்ற அமலன் அலறினான், சாமிகூட, அங்கியைப் பிடித்துக்கொண்டு, "உக்காரும்மா, உக்காரு!" என்று அலறினார். அவள் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ஊரில் அவளிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறோம், கொண்டா, வை, எடு, ஊத்து, பாரு என்று சொல்லியிருக்கிறோம், பாவம் உக்காரணும் என்று அவளைப் பற்றிப் பேசியும் இருக்கிறோம். அவள் முகத்தைப் பார்த்து 'உக்காரு' என்று சொன்னது அன்றைக்குத்தான். பயத்தில் சொன்னதுதான், அன்பில் சொன்னது இல்லை. ஆனால் நரம்பு சுருட்டிய காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கத்தியைப் பவுலீன் தேடி எடுத்து வந்தாள். பேரிமேடு ஒருவழியாகச் சாப்பிடத் தொடங்கியது. சாப்பிடச் சாப்பிட மரம் தெரியலாம், செபத்துக்குப் பிறகு அதில் குற்றம் இல்லை என்பது சட்டம். என்றாலும் சலேத்துக்கு அடியில் இருக்கிற அந்த மணையளவு மரத்தை யாரும் பார்க்கத் தயாராக இல்லை. அவள் தும்மினால் திடுக்கிட்டோம். தண்ணீர் வேண்டுமா என்று ஒருவர், முதுகுக்குத் தலையணை வேண்டுமா என்று ஒருவர். கிளாடிஸ் தன் கையால் ஒரு தட்டில் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு வைத்து, அடுக்கத் தெரியாமல் குவித்து, கொண்டுவந்து நீட்டினாள்.

"கோணலாத்தான் இருக்கும். தின்னு," என்றாள்.

சலேத்து மிளகு சீஸை எடுத்து வாயில் போட்டாள். அவள் போட்டதுதான், வருஷா வருஷம் அவள்தான் போடுகிறாள், அடியில் ஒட்டிய விளிம்பைத் தவிர அவள் ருசி பார்த்ததில்லை. மெதுவாக மென்றாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"உப்பு தூக்கலா இருக்கே," என்றாள். "இத்தன வருஷமா ஒருத்தரும் சொல்லலையே."

எங்களுக்கும் அப்போதுதான் உப்பு தெரிந்தது.

விருந்து முடிந்தது, பிள்ளைகள் அங்கங்கே தூங்கிவிட்டன, பனிமூட்டம் மறுபடி தெருவுக்குள் இறங்கியது. சலேத்து எழவில்லை, எழச் சொல்ல எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. இந்தக் குளிருக்கு ஒரு டீ இருந்தால் நன்றாயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். வழக்கம்போல எல்லோரும் அவளைப் பார்த்தோம், பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டோம். கடைசியில் இஞ்ஞாசி எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டு அடுப்படிக்குள், விருந்தாளி வீட்டுக்குள் நுழைகிற கூச்சத்தோடு நுழைந்தான். லைட் எரிந்தது. தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"சலேத்து," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "டீத்தூள் எந்த டப்பாவுல இருக்கு?"

அவளுக்குத் தெரியும். மேல் தட்டில், புளிச் சாடிக்குப் பின்னால், மூடி நெளிந்த பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் எடுத்துவிடுவாள். அவள் வாய் திறந்தது, எங்களுக்குத் தெரிந்தது, ஒரு கால் தரையைத் தேடி இறங்கியது. பிறகு அந்தக் காலை மெல்ல மேலே இழுத்துக்கொண்டாள். இரண்டு காலையும் பலகைமேல் மடக்கி, புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டு, தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தாள்.

"தேடுங்க," என்றாள்.

உள்ளே டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது.